பால்மரம் கடந்த தூரம்

1770ஆம் ஆண்டு லண்டனில், அறிவியல் கருவிகள் செய்து விற்றுவந்த எட்வர்ட் நேர்ன் தம் கடையில் ஒரு புதுச் சரக்கை வைத்தார். அரை அங்குல அளவில் வெட்டிய ஒரு சிறு கட்டி. விலை மூன்று ஷில்லிங். பென்சில் கோட்டை அழிக்க அதுவரை ஓவியர்கள் ரொட்டித் துணுக்கைத்தான் உருட்டித் தேய்த்துவந்தார்கள். இந்தக் கட்டியைத் தேய்த்தால் கோடு சுத்தமாகப் போனது. அதே ஆண்டு வெளிவந்த தம் நூலில் விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி இதைக் குறிப்பிட்டு, ஒரு துண்டு பல ஆண்டுகள் உழைக்கும் என்று எழுதினார். தேய்க்கும் பொருள் என்பதால் ஆங்கிலத்தில் அதற்கு ரப்பர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சின்னக் கட்டி இன்று எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது! பள்ளிப் பிள்ளைக்கு ரப்பர் என்றால் டப்பாவில் இருக்கும் அழிப்பான். மளிகைக் கடைக்காரருக்குப் பொட்டலத்தின் வாயைக் கட்டும் வளையம். சமையலறையில் குக்கர் மூடிக்குள் உட்காரும் வளையம். அது தளர்ந்துவிட்டால் விசில் வராது. தாலுகா அலுவலகத்தில் ஊதா மையில் ஒற்றி எடுக்கும் முத்திரை. சைக்கிள் கடையில் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பஞ்சர் பார்க்கும் டியூப். பழையதானால் அதே டியூப் கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளைக்கு மிதவை. தேய்ந்த டயர் செருப்பாகிறது, சிறுவர்கள் குச்சியால் தட்டி ஓட்டும் வண்டியாகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கம் போனால் ரப்பர் என்பது தோட்டம், வருமானம், பிள்ளையின் படிப்புச் செலவு.

இத்தனைக்கும் தொடக்கம் ஒரு மரத்தின் பட்டையில் கசியும் வெள்ளைப் பால். பள்ளிப் பையில் இருக்கும் அழிப்பான் இன்று பெரும்பாலும் செயற்கைப் பொருளால் ஆனது. ஆனால் லாரியையும் விமானத்தையும் தாங்கும் ரப்பருக்கு இன்னமும் அந்தப் பால் வேண்டும். அதை மரத்திலிருந்து இறக்குவதற்கு, ஏறக்குறைய எல்லா நாட்டிலும், இன்னமும் மனிதக் கைதான் வேண்டும். ஆகவே ரப்பரின் பயணத்தை எழுதப் புகுந்தால் அந்தக் கைகளின் பயணத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். அதில் பெரும் பங்கு தமிழர் கைகளுக்கு உண்டு.

ஐரோப்பாவுக்குத்தான் ரப்பர் புதுச் சரக்கு. மெக்சிகோவின் எல் மனாத்தி சதுப்பில் கிடைத்த ரப்பர் பந்துகளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வயது. அந்த மண்ணின் மக்கள் காஸ்டில்லா என்ற மரத்தின் பாலோடு ஒரு கொடியின் சாற்றைச் சேர்த்து உறைய வைத்துத் துள்ளும் பந்து செய்தார்கள். அந்தப் பந்தாட்டம் அவர்கள் வழிபாட்டோடு பிணைந்திருந்தது. தெற்கே அமேசான் காட்டில் இருந்தது வேறொரு மரம், ஹீவியா. அங்குள்ள மக்கள் அதன் பாலைப் புகையில் வாட்டிக் குடுவையும் காலணியும் செய்தார்கள். பூமியின் வடிவத்தை அளக்கத் தென் அமெரிக்கா போயிருந்த பிரெஞ்சு அறிஞர் லா கோந்தமின் 1736இல் ரப்பரின் மாதிரிகளைப் பாரீசுக்கு அனுப்பினார். ஐரோப்பிய அறிவுலகம் ரப்பரைக் கவனிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

நீர் புகாத துணிக்கு அது நல்லதென்று கண்டு, 1823இல் ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் மெக்கின்டாஷ் அத்தகைய துணிக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த ரப்பருக்கு ஒரு பெருங்குறை இருந்தது. கோடையில் இளகிப் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து வெடிக்கும். இந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் தம் வாழ்நாளைச் செலவிட்டார். கடனுக்காகப் பலமுறை சிறைக்குப் போனார். 1839இல் கந்தகம் கலந்த ரப்பர் சூட்டில் இளகாமல் உறுதிப்படுவதைக் கண்டார். 1844இல் காப்புரிமை பெற்றார். ரப்பர் என்பது நீண்ட மூலக்கூறு இழைகளின் கூட்டம். இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான் வெயிலில் அது குழைகிறது. கந்தகம் இழைக்கும் இழைக்கும் நடுவே முடிச்சுப் போடுகிறது. அதன்பின் இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். உலகத்தையே நகர வைத்த இந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகும் குட்இயர் 1860இல் பெருங்கடனோடுதான் இறந்தார். இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் டயர் நிறுவனம் அவர் இறந்து 38 ஆண்டுக்குப் பின் வேறொருவர் தொடங்கியது. பெயர் மட்டுமே அவருக்குக் கிடைத்த மரியாதை.

இதன்பின் பயன்கள் வரிசையாக வந்தன. 1845இல் லண்டனில் ஸ்டீபன் பெரி ரப்பர் பேண்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1887இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவர் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டி கல்லில் அதிர்ந்து ஓடுவதைப் பார்த்துக் காற்றடைத்த டயரைச் செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், கிருமிநாசினியால் கைகள் புண்ணான செவிலி கேரொலைன் ஹாம்ப்டனுக்காக மெல்லிய ரப்பர் கையுறை செய்யச் சொன்னார். ஒருவர் கையைக் காக்க வந்த அந்த உறை இன்று நோயாளியையும் மருத்துவரையும் சேர்த்துக் காக்கிறது. 1895இல் மிஷலின் சகோதரர்கள் மோட்டார் காருக்குக் காற்று டயர் மாட்டி ஓட்டினார்கள். அதன்பின் உலகத்தின் ரப்பர் தேவை அடங்கவே இல்லை.

அந்தத் தேவைக்கு முதலில் விலை கொடுத்தவர்கள் காட்டு மக்கள். காங்கோவைத் தம் சொந்தச் சொத்தாக வைத்திருந்த பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்சியில், காட்டு ரப்பர்க் கொடியிலிருந்து இவ்வளவு பால் கொண்டுவர வேண்டும் என்று ஊருக்கு ஊர் அளவு விதிக்கப்பட்டது. அளவு குறைந்த ஊர்களில் மனைவியரைப் பிணையாகப் பிடித்துவைத்தார்கள், சுட்டுக் கொன்றார்கள். செலவான தோட்டாவுக்குக் கணக்காக வெட்டிய கைகளைக் கொண்டுவரச் செய்தார்கள். பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட் 1904இல் வெளியிட்ட அறிக்கையும், மிஷனரி ஆலிஸ் சீலி ஹாரிஸ் எடுத்த புகைப்படங்களும் இதை உலகுக்குக் காட்டின. 1908இல் மன்னரிடமிருந்து காங்கோ பறிக்கப்பட்டுப் பெல்ஜிய அரசிடம் போனது. அடுத்து அமேசானின் புட்டுமாயோ பகுதிக்குப் போன கேஸ்மென்ட், லண்டனில் பதிவான ஒரு ரப்பர் நிறுவனம் பழங்குடி மக்களை அடித்தும் பட்டினி போட்டும் பால் எடுக்க வைத்ததைப் பதிவுசெய்தார். இதே ரப்பர்ப் பணத்தில்தான் காட்டு நடுவே மனாவுஸ் நகரம் 1896இல் ஐரோப்பியப் பளிங்கு கொண்டு இசை நாடக அரங்கம் கட்டித் திறந்தது.

இதற்கிடையே மரம் கடல் தாண்டிவிட்டது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் தபாஜோஸ் ஆற்றுப் பகுதியில் சுமார் 70,000 ஹீவியா விதைகளைச் சேகரித்து, காயவைத்து, வாழை இலை இட்ட கூடைகளில் அடுக்கி, அமேசோனாஸ் என்ற கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். ஆயிரம் விதைக்குப் பத்துப் பவுண்டு என்பது பேச்சு. கியூ தாவரவியல் தோட்டத்துக் கண்ணாடிக் கூடங்களில் மற்ற செடிகளை அப்புறப்படுத்திவிட்டு இந்த விதைகளை ஊன்றினார்கள். எண்ணெய்ச் சத்துள்ள விதை, சீக்கிரம் கெட்டுவிடும். முளைத்தது சுமார் 2,700தான். அவற்றில் 1,900க்கும் மேற்பட்ட கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்குக் கப்பலேறின. கொழும்புக்கு வடக்கே கம்பகாவில் உள்ள ஹெனரத்கொடை தோட்டம் ஆசிய ரப்பரின் தாய் வீடு. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. அவற்றில் ஒன்பது மலாயாவின் குவாலா கங்சாரில் நடப்பட்டன. இன்று தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் கேரளத்திலும் நிற்கும் மரங்களில் பெரும்பாலானவை அந்தக் கூடை விதைகளின் வம்சம். அமேசானில் ஹீவியாவை அரிக்கும் இலைக்கருகல் பூஞ்சை அந்தப் பயணத்தில் கூடவே வரவில்லை. அதனால்தான் ஆசியாவில் மரங்களை நெருக்கமாக நட முடிந்தது. பிற்காலத்தில் ஹென்றி ஃபோர்டு அமேசானிலேயே ஒரு நகரம் அமைத்துத் தோட்டம் போட்டபோது அந்தப் பூஞ்சை தோட்டத்தை அழித்தது. 1945இல் அவர் குடும்பம் அதைப் பிரேசில் அரசுக்கே விற்றுவிட்டது.

மரம் வந்தும் அதைச் சீவும் முறை பிடிபடவில்லை. அமேசானில் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் புண்ணாகி நொந்தது. சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லி பல ஆண்டு சோதித்து, பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவி, உள்ளே இருக்கும் வளரும் திசுவைத் தொடாமல் விடும் முறையைக் கண்டார். அதே காயத்தின் விளிம்பை மறுநாள் மெல்லச் சீவினால் பால் கூடுதலாக வந்தது. காப்பித் தோட்டக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் ரப்பர் விதையைக் கையில் திணித்த ரிட்லியை அவர்கள் பைத்தியக்காரர் என்றே அழைத்தார்கள். காப்பி விலை சரிந்ததும் மனம் மாறினார்கள். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீன வணிகர் வணிக அளவில் முதல் தோட்டம் போட்டார். இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் மலாயாக் காடுகள் எரிந்தன; அந்தச் சாம்பலில் பால்மர வரிசைகள் எழுந்தன.

நட்டவருக்குப் பணம் இருந்தது. சீவ ஆள் இல்லை. ஆள் தமிழகத்தில் இருந்தார்கள். நிலமற்றவர்கள், பஞ்சத்தில் அடிபட்டவர்கள், சாதியின் பெயரால் கிராமத்தில் மூச்சுவிட முடியாதவர்கள். முதலில் ஒப்பந்தக் கூலியாக, 1910இல் அது நிறுத்தப்பட்ட பின் கங்காணி முறையில் போனார்கள். தோட்டத்துக் கங்காணி தம் ஊருக்கு வந்து உறவையும் அக்கம்பக்கத்தையும் அழைத்துப் போவார். தம் ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு வாங்குவார். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, நோய்த்தடுப்பு முகாமில் காத்திருந்து, பிறகு லயம் என்ற வரிசை வீட்டு அறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே நாள் விடிவதற்குள் தொடங்கும். பெரட்டுக்களம் என்ற திடலில் தண்டல் என்ற மேற்பார்வையாளர் பேர் கூப்பிடுவார். பின்பு நெற்றி விளக்கோடு மர நிரைக்குள் போக வேண்டும். காலைக் குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் கூடுதல், அப்போதுதான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் மரம் அடங்கிவிடும். முதலில் நேற்றைய வெட்டில் உலர்ந்து ஒட்டிய பால் நூலை உரித்துக் கூடையில் போட வேண்டும். அந்த ஒட்டுப்பாலுக்கும் எடை உண்டு, விலை உண்டு. பிறகு இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் அதே கோட்டில், ஒரு காகித அட்டைக் கனத்துக்குப் பட்டையைச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரம் காயப்படும், பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், தோட்டக் கணக்கரான கிராணியிடம் ஏச்சு விழும். ஒரு கை உளியைத் தள்ள, கால்கள் மரத்தைச் சுற்றி நகர, மரத்துக்கு அரை நிமிடம்கூட ஆகாது. இப்படி நூற்றுக்கணக்கான மரம். எல்லாம் சீவி முடித்த பின் வந்த வழியே திரும்பி, மங்கு என்ற கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்து ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அமிலம் விட்டு உறைய வைத்து, உருளையில் நசுக்கி, புகைக்கூடத்தில் உலர்த்தினால் பழுப்பு நிற ஷீட் கப்பலுக்குத் தயார். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. ஆண்கள் செய்த அதே வேலைக்குப் பெண்களுக்குக் குறைந்த கூலி என்பதே நடைமுறை.

இந்த வேலையைத் திறமையற்ற கூலி வேலை என்று தோட்டக் கணக்குகள் எழுதின. நான் அதை ஏற்கவில்லை. உயிருள்ள மரத்தைக் கொல்லாமல் இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் தர வைப்பது கைத்திறன். ரிட்லியின் கண்டுபிடிப்பை லட்சக்கணக்கான மரங்களில் நடத்திக் காட்டியது தமிழரின் மணிக்கட்டு.

1910இல் உச்சிக்குப் போன ரப்பர் விலை, 1930களின் தொடக்கத்துப் பெருமந்தத்தில் பாதாளத்துக்கு விழுந்தது. விலை ஏறியபோது லயத்துக்கு அதன் பங்கு வரவில்லை. விழுந்தபோது முழுப்பாரமும் வந்தது. மூன்றே ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை தேறியதும் மறுபடி ஆள் பிடித்தார்கள்.

1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களை ஒருங்கிணைத்தவர்களில் முக்கியமானவர் ஆர். எச். நாதன். கேட்டவை நியாயமானவை: சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான பள்ளி, மருத்துவம், கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு. இன்னொன்றும் கேட்டார்கள். வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். உலகத்துச் சைக்கிள்களுக்கெல்லாம் டயர் கொடுத்த கைகள், அந்தச் சைக்கிளில் நிமிர்ந்து உட்காரும் உரிமையைப் போராடிக் கேட்க வேண்டியிருந்தது. அரசு நாதனைக் கைதுசெய்து நாடு கடத்தியது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ரப்பரின் வரலாற்றில் கண்டுபிடிப்பாளர் பெயர்களுக்கு அருகில் இந்தப் போராட்டத்தையும் எழுதியாக வேண்டும்.

அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். தோட்டங்கள் படுத்தன, அரிசி நின்றது. சயாம்–பர்மா ரயில் பாதை போட ஆயிரமாயிரம் தோட்டத் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் மடிந்தவர்களுக்குச் சரியான கணக்கு எழுதப்படவே இல்லை. அதே தோட்டங்களிலிருந்து இளைஞர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். பால்மரம் சீவிய பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள்.

ஆசிய ரப்பர் கைநழுவியதால் அமெரிக்கா பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பரைப் பேரளவில் செய்யத் தொடங்கியது. மரத்தின் காலம் முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். முடியவில்லை. இயற்கை ரப்பரை இழுக்கும்போது அதன் இழைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டுப் படிகம்போல் இறுகுகின்றன. அதனால் கிழிவதைத் தாங்கும், ஓட்டத்தில் குறைவாகவே சூடேறும். விமானச் சக்கரம் தரையைத் தொடும் நொடியில் இந்தக் குணம்தான் பயணிகளைக் காக்கிறது. லாரி, பேருந்து டயர்களிலும் அதற்கு முழு மாற்று இன்றுவரை இல்லை.

மலாயா விடுதலை பெற்றதும் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார்கள். தலைமுறையாக இருந்த லயம் ஒரே நாளில் அந்நியமானது. எழுத்தாளர் அகிலன் அங்கே போய்ப் பார்த்து 'பால்மரக் காட்டினிலே' நாவலை எழுதியது இந்த வாழ்வைப் பற்றித்தான். மலாயத் தமிழர் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களையே வாங்கியது. கூலியாக வந்தவர்கள் பங்குதாரராக நின்றார்கள். பின்னாளில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், வீட்டு மனை போட்டார்கள். மாற்று வேலையும் வீடும் இல்லாமல் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் நகரத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன.

இலங்கைத் தோட்டங்களுக்கும் தமிழர்கள் போயிருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதி பால்மரத்தை நோக்கித் திரும்பியதும் உண்டு. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்பியது. அவர்களைக் கேட்டு எழுதிய ஒப்பந்தம் அல்ல அது. திரும்பியவர்களில் பலருக்கு வேலை தருவதற்காகக் கன்னியாகுமரி மலையடிவாரத்தில் அரசு ரப்பர்த் தோட்டங்கள் அமைந்தன. 1984இல் அவை அரசு ரப்பர் கழகமாயின. கீரிப்பாறைப் பக்கம் இன்றும் அந்தக் குடும்பங்கள் வாழ்கின்றன. ஹெனரத்கொடையில் இறங்கிய மரத்தின் வம்சத்தை, இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பிய கைகள் குமரி மண்ணில் சீவின.

சென்னையின் பங்கும் சின்னதல்ல. 1946இல் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கினார். அதுவே மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, இன்றைய எம்.ஆர்.எஃப். இன்று சென்னையைச் சுற்றி டயர் ஆலைகள் பல. ஆலைக்குள் எந்திரங்கள் ஆண்டுக்கு ஆண்டு புதுசாகின்றன. தோட்டத்தில் உளி மட்டும் அதே உளி.

உலகத்து இயற்கை ரப்பரின் பெரும்பகுதியை இன்று சின்னத் தோட்டக்காரர்களே தருகிறார்கள். விலையை அவர்கள் நிர்ணயிப்பதில்லை. தொலைதூரச் சந்தைகள் நிர்ணயிக்கின்றன. விலை விழுந்த ஆண்டில் குமரியில் மரத்தைச் சீவாமல் விட்டுவிடுகிறார்கள். வெட்டுத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை என்ற குறையும் கேட்கிறது. கிடைக்காததில் என்ன வியப்பு? இருட்டில் எழுந்து, பாம்புக்கும் மழைக்கும் நடுவே, நாள் கூலி நிச்சயமில்லாமல் செய்யும் இந்த வேலைக்குத் தன் பிள்ளை வர வேண்டும் என்று எந்தத் தாய் நினைப்பாள்? வெட்டுத் தொழிலாளிக்கு மழை நாளுக்கும் கூலி, பயிற்சிக்குத் தக்க ஊதியம், ஓய்வுக்காலத்துக்குப் பாதுகாப்பு என்று கேட்பது கருணைக்காக அல்ல. அந்தக் கை நின்றால் சக்கரமும் நின்றுவிடும்.

நம் பாடப்புத்தகங்களில் குட்இயரும் டன்லப்பும் இருக்கிறார்கள்; இருக்கட்டும். காங்கோவில் வெட்டுப்பட்ட கைகளையும், மலாயாவில் விடியும் முன்னே உளி பிடித்த கைகளையும், கீரிப்பாறையில் இன்றும் பால் எடுக்கும் கைகளையும் அதே பக்கத்தில் எழுதினால்தான் ரப்பரின் வரலாறு முழுமையாகும். அதை எழுதும் கடமை, கப்பலேறிப் போனவர்களின் உறவினரான நமக்கு மற்ற யாரையும்விட அதிகம்.